டாஷ்போர்டில் இல்லாத ஒரு முள்

1998 நடுவிலிருந்து 2002 வரை அமெரிக்காவில் விற்ற டாட்ஜ் ராம் 2500, 3500 டீசல் பிக்கப் டிரக்குகளின் டாஷ்போர்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். வேகம், ஆர்.பி.எம்., ஆயில் பிரஷர், கூலன்ட் சூடு, பேட்டரி வோல்டேஜ், டேங்கில் எவ்வளவு டீசல் மிச்சம், எல்லாத்துக்கும் ஒரு முள் உண்டு. டீசலில் தண்ணீர் சேர்ந்தால் எரிய ஒரு விளக்கு. குளிர் காலையில் "கொஞ்சம் பொறு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணு" என்று சொல்ல இன்னொரு விளக்கு. ஆனால் அந்த எஞ்சினிலேயே விலை கூடிய உறுப்புகளில் ஒன்றுக்குப் போதுமான டீசல் போய்ச் சேருகிறதா என்று சொல்ல மட்டும் எதுவுமே கிடையாது.

எனக்குச் சொந்தமாக டிரக் எதுவும் இல்லை. அளவுகருவிகள் பற்றி எழுதிவரும் குறிப்புகளில் இதுவும் ஒன்று. இந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலையும், தனியாக விற்கும் எரிபொருள் அழுத்தமானிகளுடன் வரும் பொருத்தும் முறைத் தாள்களையும் ஒரு வாசகனாகப் படித்தேன். சர்வர்கள் உயிரோடு இருக்கிறதா என்று கண்காணிக்கும் மென்பொருள் எழுதுவதுதான் பல வருஷமாக என் பிழைப்பு என்பதால், படிக்கப் படிக்க இது எங்கேயோ பார்த்த கதை மாதிரி இருந்தது.

முதலில் கொஞ்சம் பின்னணி. அதற்கு முந்தைய ராம் டிரக்கில் இருந்தது கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 12 வால்வு எஞ்சின். பாஷ் கம்பெனியின் பி7100 என்ற முழுக்க மெக்கானிக்கலான இன்ஜெக்ஷன் பம்ப். அதற்கு டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்க, எஞ்சினின் கேம் ஷாஃப்ட்டே ஓட்டும் ஒரு சின்ன பம்ப். நம்ம ஊர் லாரி மெக்கானிக்குகள் ஃபீட் பம்ப் என்பார்களே, அதேதான். அமெரிக்காவில் லிஃப்ட் பம்ப் என்பார்கள். புகை விதிகள் இறுகியபோது 24 வால்வு எஞ்சின் வந்தது. பி7100 போய், விபி44 என்ற மின்னணுக் கட்டுப்பாடுள்ள பாஷ் பம்ப் வந்தது. ஃபீட் பம்ப்பும் மின்சார மோட்டாரில் ஓடுவதாக மாறி, எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் போய் உட்கார்ந்தது.

இந்த இடத்தில்தான் சறுக்கல். மின்சார எரிபொருள் பம்ப்புக்குத் தள்ளுவது சுலபம், இழுப்பது கஷ்டம். அதன் நல்ல இடம் டேங்குக்குள்ளோ, டேங்குக்குப் பக்கத்திலோதான். இங்கே அதை டேங்கிலிருந்து தள்ளி, உயரத்தில், சூடும் அதிர்வும் நிறைந்த இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். கூடவே விபி44-இன் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு எஞ்சின் ஆயில் போவதில்லை. அதன் உள்ளுறுப்புகளுக்கு உயவு, தலையில் உள்ள மின்னணுப் பலகைக்குக் குளிர்ச்சி, இரண்டுமே டீசல்தான். எரிப்பதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு டீசல் அதன் வழியாக ஓடி, மிச்சம் டேங்குக்குத் திரும்புகிறது. அந்த ஓட்டம் குறைந்தால் பம்ப் தன்னையே தேய்த்துக்கொள்ள ஆரம்பிக்கும்.

சரி, லிஃப்ட் பம்ப் செத்தால் வண்டி நின்றுவிடும், ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும் என்றுதானே நினைப்போம்? அப்படி நடப்பதில்லை. விபி44-க்குள்ளேயே ஒரு சின்ன வேன் பம்ப் இருக்கிறது. முன்னால் இருப்பது செத்துக் கிடந்தாலும் அதன் ஊடாகவே இது டீசலை உறிஞ்சிக்கொள்ளும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், மளிகைக் கடைக்குப் போய் வரும். மேட்டில் டிரெய்லர் இழுக்கும்போது லேசாகச் சோர்வு தெரியலாம், தெரியாமலும் போகலாம். சில நூறு டாலர் பம்ப் சத்தமில்லாமல் செத்து, ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள பம்ப்பைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு நாள் சூடான எஞ்சின் நடுரோட்டில் அணையும். கம்ப்யூட்டரில் பி0216 என்று ஒரு கோடு நிற்கும். இன்ஜெக்ஷன் பம்ப்பின் டைமிங் தவறிவிட்டது என்று அர்த்தம். அதாவது, வீடு எரிந்து முடிந்தபின் அடிக்கும் மணி.

கம்ப்யூட்டர் லிஃப்ட் பம்ப்பைக் கவனிக்கவே இல்லையா? கவனிக்கிறது. பி0230 என்ற கோடு அதற்காகவே இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது மின்சுற்றை மட்டும். வயர் அறுந்ததா, ரிலே ஒழுங்காக இருக்கிறதா, அவ்வளவுதான். மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்து, உள்ளே தேய்ந்து, பாதி அழுத்தம்தான் வருகிறது என்றால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எல்லாம் சுகம். எங்கள் தொழிலில் இதற்கு நேர் இணை உண்டு. புராசஸ் ஓடுகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, அது ஏதாவது வேலை செய்கிறதா என்று கேட்காத ஹெல்த் செக். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், வாடிக்கையாளர்கள் போன் பண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

ஆகவே சொந்தக்காரர்களே அழுத்தமானி வாங்கி மாட்ட ஆரம்பித்தார்கள். இங்கிருந்து என் விமர்சனம் அவர்களுக்கு விற்கப்படும் பொருள்கள் மீதும், அதோடு வரும் அறிவுரைகள் மீதும். கேஜ் விமர்சனம் என்ற பெயரில் வருவதில் பாதி, இரவில் டயல் என்ன நிறத்தில் ஒளிர்கிறது, டாஷ்போர்டின் மற்ற விளக்குகளோடு பொருந்துகிறதா, கண்ணாடித் தூணில் மாட்டினால் எடுப்பாக இருக்கிறதா என்பதைப் பற்றியது. அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இது ஒரு அளவுகருவி. அதைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறது என்பது.

எண்ணிலிருந்து ஆரம்பிப்போம். மேனுவல் சொல்வது, எஞ்சின் ஓடும்போது குறைந்தது 10 பி.எஸ்.ஐ. இருக்கவேண்டும். கார் டயருக்குக் காற்றடிக்கும்போது 30, 32 என்று சொல்கிறோமே, அதே பி.எஸ்.ஐ.தான். ஆக நாம் பேசுவது டயர் காற்றில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தைப் பற்றி. நல்ல பம்ப் 10-க்கும் 15-க்கும் நடுவே தரும். முழு லோடில் அது 5-க்குக் கீழே போனால் கவலைப்படணும் என்பது அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் கணக்கு. நமக்குத் தெரியவேண்டிய முழு நாடகமும் 5-க்கும் 15-க்கும் நடுவே நடக்கிறது.

இதற்கு 0–100 டயல் வாங்கினால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். விலை குறைந்த மின்சாரக் கேஜ்கள் பலவற்றில் முள் மொத்தமே 90 டிகிரிதான் நகரும். 100 பி.எஸ்.ஐ.க்கு 90 டிகிரி. 10-லிருந்து 5-க்கு விழுவது, அதாவது நலத்திலிருந்து ஆபத்துக்கு, வெறும் 4.5 டிகிரி. குலுங்கும் டிரக்கில் ஓரக்கண்ணால் பார்த்து அதை யார் கண்டுபிடிப்பது? கேஜில் முழு அளவில் 3 சதவீதம் பிழை என்று வைத்துக்கொண்டால் அதுவே 3 பி.எஸ்.ஐ. நீங்கள் தேடும் விஷயத்தில் பாதிக்கு மேல் பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதே விழுகை, 270 டிகிரி சுற்றும் 0–30 டயலில் 45 டிகிரி. கடிகாரத்தில் பெரிய முள் ஏழு நிமிஷத்துக்கும் கொஞ்சம் மேலே நகர்ந்தது போல. பிழையும் 0.9-க்கு வந்துவிடும். 0–15 டயல் இன்னும் நுணுக்கமாகக் காட்டும், ஆனால் நல்ல பம்ப்பிலேயே முள் விளிம்பில் போய் முட்டி நிற்க வாய்ப்பு உண்டு. முட்டி நிற்கும் முள் எதையும் அளக்கவில்லை. என் தேர்வு 0–30, முழுச் சுற்று முள்.

இந்தத் தேர்வு இந்த வண்டிக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். "டீசல் டிரக்குக்கு எந்தக் கேஜ் நல்லது?" என்ற கேள்வியே அரைகுறை. 2003-இல் வந்த ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில் 45 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் இன்ஜெக்டர்கள் கெட ஆரம்பிக்கும். அங்கே 0–100 டயல்தான் சரி. 2001-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸில் லிஃப்ட் பம்ப்பே கிடையாது. இன்ஜெக்ஷன் பம்ப் டேங்கிலிருந்து நேராக உறிஞ்சுகிறது. அதில் அழுத்தமானி மாட்டினால் முள் பூஜ்யத்தில் தூங்கும். அதற்குத் தேவை எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்று காட்டும் வேக்யூம் கேஜ். மூன்று கம்பெனி, மூன்று கேள்வி. ஒரே பட்டியலில் "சிறந்த ஐந்து கேஜ்கள்" என்று போடுகிறவர்கள் இதைச் சொல்லுவதே இல்லை.

அடுத்தது, எங்கிருந்து எடுப்பது. என்னைப் பொறுத்தவரை முழு விஷயத்தின் மையமும் இதுதான். லிஃப்ட் பம்ப்பிலிருந்து வரும் டீசல் ஃபில்டருக்குள் போய், வெளியே வந்து, விபி44-க்குப் போகிறது. ஃபில்டர் கூட்டில் சோதனைக்கென்றே இரண்டு முனைகள் இருக்கின்றன, உள்ளே போகும் பக்கம் ஒன்று, வெளியே வரும் பக்கம் ஒன்று. கை எட்டுகிறது என்பதற்காக உள்ளே போகும் பக்கத்தில் மாட்டிவிட்டால் என்ன ஆகும்? ஃபில்டர் அழுக்கேறி அடைக்க அடைக்க, அதற்கு முன்னால் அழுத்தம் கூடும். தோட்டத்து ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் அடைத்தவர்களுக்குத் தெரியும். முள் ஜம்மென்று 14, 15 காட்டும். விபி44 அந்தப் பக்கம் தாகத்தில் தவிக்கும். கேஜ் இல்லாமல் இருந்ததைவிட இது மோசம். முன்பு தெரியாது என்றாவது தெரியும், இப்போது எல்லாம் நலம் என்ற நம்பிக்கையோடு பம்ப்பைக் கொல்லலாம்.

எனவே ஃபில்டருக்குப் பின்னால், முடிந்தால் விபி44-இன் வாசலிலேயே எடுக்கவேண்டும். வாசலில் குழாயைப் பிடித்திருக்கும் ஓட்டை போட்ட போல்ட்டுக்கு பேஞ்சோ போல்ட் என்று பெயர். அதன் தலையில் 1/8 அங்குலக் குழாய்த் திருகு வெட்டியதே தனியாகக் கிடைக்கிறது. மாற்றும்போது வாஷர்களையும் புதிதாகப் போடவேண்டும், பழையதைத் திரும்பப் போட்டால் கசியும், இல்லாவிட்டால் காற்றை இழுக்கும். இரண்டு முனையிலும் மாறி மாறி அளந்தால் ஃபில்டரின் நிலைமையும் தெரிந்துவிடும். வித்தியாசம் 5 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக்கூடாது என்கிறது மேனுவல்.

ஒரு குறையை ஒத்துக்கொண்டுதான் ஆகவேண்டும். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. திரும்பும் குழாய் அடைத்துக்கொண்டால் அழுத்தம் பிரமாதமாக இருக்கும், டீசல் ஓடாது, பம்ப் சூடாகும். அதனால்தான் மேனுவலில் டீசலைப் பாத்திரத்தில் பிடித்து, குறிப்பிட்ட விநாடிகளில் எவ்வளவு வருகிறது என்று அளக்கும் சோதனையும் இருக்கிறது. கேஜ் மாட்டியவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை என்பது என் சந்தேகம்.

இனி எந்த வகை. டீசலையே குழாயில் கேபினுக்குள் கொண்டுவந்து டயலுக்குக் கொடுக்கும் நேரடி மெக்கானிக்கல் கேஜ் இருப்பதிலேயே மலிவு, மின்சாரம் வேண்டாம், பொய்யும் குறைவு. உள்ளே இருப்பது பூர்தோன் குழாய். 1849-இல் பிரான்சில் காப்புரிமை வாங்கிய சங்கதி. வளைந்த, தட்டையான உலோகக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவை முள்ளுக்குக் கடத்துகிறார்கள். பி.இ. படித்தவர்கள் லேபில் எடைக்கல் வைத்து இதைச் சோதித்து ரெக்கார்ட் நோட்டில் எழுதியிருப்பார்கள், எழுதிவிட்டு மறந்தும் இருப்பார்கள். எல்லாம் சரி, ஆனால் உட்காரும் இடத்துக்குள் டீசல் குழாய் வரக்கூடாது. ஒரு நட் தளர்ந்தால் காலில் டீசல், கார்ப்பெட்டில் வருஷக்கணக்கில் நாற்றம். பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது என்ற சமாதானம் எனக்குப் போதாது.

நடுவில் ஐசொலேட்டர் என்ற ஒரு சின்ன டப்பாவை வைப்பது இரண்டாவது வழி. டப்பாவுக்குள் ஒரு சவ்வு. எஞ்சின் பக்கம் டீசல், கேபின் பக்கம் கூலன்ட் திரவம். டீசல் வெளியே நின்றுவிடும், அழுத்தம் மட்டும் உள்ளே வரும். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் திரவம் நிரப்பும்போது ஒரு குமிழி காற்றுகூட மாட்டக்கூடாது. மாட்டினால் முள் மந்தமாகும். பொறுமைசாலிகளுக்கான வழி.

மூன்றாவது மின்சார வகை. சென்சார் எஞ்சின் பக்கம், உள்ளே வயர் மட்டும். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் முடிவு, இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, சென்சாரை நேராக எஞ்சினில் திருகக்கூடாது. அதிர்வும், குழாய்க்குள் டீசல் துடித்துத் துடித்து அடிக்கும் அழுத்த அடியும் அதைச் சில மாதங்களில் கொன்றுவிடலாம். கிரீஸ் கன்னில் வரும் மாதிரி ஒரு சின்ன ஹோஸ் போட்டுச் சென்சாரை பாடியில் தள்ளி மாட்டவேண்டும். அப்படித் தள்ளி மாட்டினால் ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் போய்விடும், அதற்குத் தனி வயர் கொடுக்கவேண்டும். பொருத்தும் தாள்கள் சிலவற்றில் இந்த ஒரு வரி இல்லாததால்தான் "முள் ஆடுது, கேஜ் மோசம்" என்ற புகார்கள் வருகின்றன என்று நினைக்கிறேன். திருகுகளில் வெள்ளை டெஃப்லான் டேப்பும் வேண்டாம். பிய்ந்த ஒரு இழை விபி44-க்குள் போனால் போதும். திரவ சீலன்ட்டே பாதுகாப்பு.

இரண்டாவது நிபந்தனை நீடில் வால்வு. ஹோஸுக்கு முன்னால் இதைப் போட்டு, கிட்டத்தட்ட மூடி, முள் நடுங்குவது நிற்கும் வரை மட்டும் திறந்துவைப்பார்கள். துடிப்பை வடிகட்டிச் சராசரியை மட்டும் உள்ளே விடும் சாதனம். ஆனால் கூடுதலாக மூடிவிட்டாலோ, அழுக்கு அடைத்துக்கொண்டாலோ, பழைய அழுத்தம் உள்ளேயே சிறைபட்டுக் கிடக்கும். பம்ப் செத்த பிறகும் முள் 12 என்று சத்தியம் பண்ணும். கேஷில் இருந்து பழைய பதிலைக் கொடுக்கும் சர்வரோடு மல்லுக்கட்டியவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். சோதனை சுலபம். எஞ்சினை அணைத்ததும் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். அப்படியே நின்றால் அது அளவு கிடையாது, ஞாபகம்.

மாட்டி முடித்ததும் இந்த வண்டியில் ஒரு இலவசச் சோதனை உண்டு. எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டார்ட்டரை ஒரு கணம் மட்டும் தட்டிவிட்டால் லிஃப்ட் பம்ப் ஏறக்குறைய 25 விநாடி தானாக ஓடும். குழாயில் புகுந்த காற்று வெளியேற அது உதவும், கசிவையும் பார்த்துக்கொள்ளலாம், முள் ஏறுவதையும் பார்க்கலாம். பிறகு மூன்று எண்களைக் குறித்துவைக்கவேண்டும்: ஐடிலில், சமவெளி நெடுஞ்சாலையில், லோடோடு மேடு ஏறும்போது. ஐடில் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது, உட்கார்ந்திருக்கும் நோயாளியின் நாடியை மட்டும் பார்ப்பது போலத்தான். தேய்ந்த பம்ப் முதலில் கைவிடுவது மேட்டில்.

இதோடு ஒரு விளக்கும் சேர்க்கச் சொல்வேன். அமெரிக்க மெக்கானிக்குகள் எச்சரிக்கை விளக்கை இடியட் லைட் என்று கிண்டல் பண்ணுவார்கள். எனக்கு அந்தக் கிண்டலில் உடன்பாடு இல்லை. சாலையைப் பார்த்து ஓட்டுகிறவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. அழுத்தம் 6-க்கு இறங்கினால் எரியும்படி ஒரு பிரஷர் சுவிட்சும் சிவப்பு விளக்கும் சேர்த்தால் செலவு கொஞ்சம்தான். மாதக்கணக்கில் மெதுவாகச் சரிவதைக் காட்ட முள், இன்று திடீரென்று விழுந்ததைச் சொல்ல விளக்கு. கம்பெனி நினைத்திருந்தால் முள்கூட வேண்டாம், இந்த விளக்கை மட்டுமாவது வைத்திருக்கலாம். தண்ணீர் விளக்குக்கு இடம் இருந்த டாஷ்போர்டில் இதற்கா இடம் இல்லை?

2003-இல் காமன் ரெயில் எஞ்சின் வந்தபோது விபி44 விடைபெற்றது. 2005-இல் லிஃப்ட் பம்ப் டேங்குக்குள்ளேயே போய்விட்டது. பழைய வண்டிகளுக்கும் டேங்குக்குள் வைக்கும் பம்ப்பை டீலர்கள் பொருத்திக் கொடுத்தார்கள். இடம் சரியானது. ஆனால் அதைப் பொருத்திய பல வண்டிகளில் முள் 10-க்குக் கீழேயே நின்றது. கேஜ் வைத்திருந்தவர்கள் மேனுவலைப் பிரித்துக் காட்டிச் சண்டை போட்டார்கள், கேஜ் இல்லாதவர்கள் நன்றி சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்கள். சண்டை போட்டு அலுத்தவர்களில் பலர் ஃபாஸ், ஏர்டாக் போன்ற பெரிய பம்ப்புகளை வாங்கி டேங்குக்குப் பக்கத்தில் சேசிஸில் மாட்டினார்கள். அவை சாதாரணமாகவே 15-க்கு மேல் தரும். 0–15 டயல் வாங்கியிருந்தவர்கள் அப்போது இன்னொரு கேஜுக்கும் காசு எடுத்துவைக்க வேண்டியிருந்தது.